பிராப்பர்ட்டியின் வாசலில் மறுக்கப்பட்ட மதிப்புகள்

ஓர் ஆப்ஜெக்டின் பிராப்பர்ட்டியில் தகுதியற்ற மதிப்பு ஒன்றை யாரேனும் இட முற்படும்போது அதை எவ்விதம் மறுப்பது, மறுத்த செய்தியை யாரிடம் தெரிவிப்பது என்னும் விஷயம், புரோகிராம் எழுதப் பழகும் மாணவர்களுக்கு ஏதோ ஒரு பாடத்தின் நடுவில் இரண்டு வரிகளில் சொல்லி முடிக்கப்பட்டுவிடுகிறது. செட்டர் என்னும் சிறு பகுதிக்குள் ஒரு நிபந்தனையை எழுதி, அது பொய்த்தால் எக்ஸெப்ஷன் ஒன்றை வீசிவிட வேண்டும் என்பதே அவ்விரு வரிகளின் சாரம். ஆனால் அந்த வரிகளுக்குப் பின்னால் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அதில் இரண்டு வம்சங்கள் உண்டு: ஒன்று, கணக்கெழுதும் காரியாலயங்களில் பிறந்து, பிழையுள்ள தாள்களை ஒதுக்கிவைத்துத் திருத்தி வாங்கும் குமாஸ்தாக்களின் வழக்கமாக வளர்ந்தது, மற்றொன்று, கணக்கிடும் யந்திரத்தின் உள்ளேயே பிறந்து, செய்ய இயலாத காரியம் நேர்ந்த கணத்தில் ஓட்டத்தை நிறுத்தி வேறு வழியில் திருப்பிவிடும் வழக்கமாக வளர்ந்தது. நெடுங்காலம் ஒன்றையொன்று கவனியாமல் வாழ்ந்த இவ்விரண்டும் 1990களில் பிராப்பர்ட்டி என்னும் ஒரே வாசலில் சந்தித்தன. இன்றைய புரோகிராம்களில் இந்த விஷயத்தில் காணப்படும் குழப்பங்களில் பெரும்பகுதி, எந்த வம்சத்தின் வழக்கத்தை எந்த இடத்தில் பின்பற்றுவது என்று அந்தச் சந்திப்பின்போது தீர்மானிக்கப்படாமல் போனதால் விளைந்தது என்பதே என் அபிப்பிராயம்.

காரியாலய வம்சத்தின் மூதாதையைத் தேடிப் போனால், 1890ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் போய் நிற்கிறோம். ஹெர்மன் ஹாலரித் என்பவர் அதற்காக அமைத்துக் கொடுத்த யந்திரத்தில், ஒவ்வொரு மனிதரைப் பற்றிய விவரமும் ஒரு காகித அட்டையில் துளைகளாகப் பதிந்திருந்தது. குமாஸ்தா அட்டையை மேடையின்மேல் வைத்துக் கைப்பிடியை இறக்குவார். மேலிருந்து இறங்கும் ஊசிகளில் துளைக்கு நேராக இருப்பவை மட்டும் அட்டையை ஊடுருவிச் சென்று கீழே உள்ள பாதரசக் கிண்ணங்களைத் தொட, மின்சாரம் ஓடி, எதிரில் உள்ள முள்வட்டங்களில் எண்ணிக்கை ஒன்று கூடும். அட்டை முறையாகப் படிக்கப்பட்டது என்பதற்கு அடையாளமாக ஒரு மணி ஒலிக்கும். மணி ஒலிக்கவில்லையானால், துளையிட்டதில் ஏதோ தவறு நேர்ந்திருக்கிறது என்று உணர்ந்து குமாஸ்தா அந்த அட்டையைத் தனியே எடுத்துவைத்துவிட்டு அடுத்ததைக் கையிலெடுப்பார். பிழையுள்ளதை ஒதுக்குதல், ஒதுக்கியதற்காக வேலையை நிறுத்தாதிருத்தல், ஒதுக்கியதைத் திருத்த வல்லவரிடம் சேர்ப்பித்தல் ஆகிய மூன்றும் அந்த மணியைச் சுற்றி அன்றே அமைந்துவிட்டன.

துளையட்டை யந்திரங்கள் கம்பெனிகளுக்கும் அரசாங்க இலாகாக்களுக்கும் பரவிய பிறகு, துளையிடுவோர் செய்யும் தவறுகளைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு தனித் தொழில் தோன்றியது. 1949இல் வெளிவந்த ஐ.பி.எம். 056 என்னும் சரிபார்க்கும் யந்திரத்தில், ஒருவர் துளையிட்ட அட்டையை வேறொருவர் மூலத்தாளைப் பார்த்து மறுபடி முழுவதும் தட்டுவார். இந்த யந்திரம் துளையிடாது. தட்டிய எழுத்தும் ஏற்கெனவே இருக்கும் துளையும் ஒத்திருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கும். ஒவ்வாவிட்டால் விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். தட்டியவரே தவறியிருக்கலாமாதலால் மீண்டும் முயல அவருக்கு வாய்ப்பு அளிக்கப்படும். மூன்றாம் முறையும் ஒவ்வாமற்போனால் அந்தப் பத்திக்கு நேர் மேலே அட்டையின் விளிம்பில் ஒரு சிறு வெட்டு விழும். குற்றமற்ற அட்டைக்கோ வலது ஓரத்தில் வெட்டு விழும். ஆகவே நூற்றுக்கணக்கான அட்டைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து வலது ஓரத்தைப் பார்த்த மாத்திரத்தில் எது சரிபார்க்கப்படாதது என்று தெரிந்துவிடும். மேல் விளிம்பைப் பார்த்தால் பிழை எந்தப் பத்தியில் என்பதும் தெரிந்துவிடும். பிழை உண்டு என்று சொல்வதோடு நில்லாமல், எங்கே என்பதையும் அந்தப் பொருளின்மீதே குறித்துவைக்கும் இந்த ஏற்பாட்டை, பிற்காலத்துச் சாதனங்கள் பலவற்றைக் காட்டிலும் பண்பட்டதாகவே நான் மதிக்கிறேன்.

இதே காலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன், 1954இல் விண்ணப்பித்து 1960இல் பெற்ற காப்புரிமையின் மூலம், ஓர் எண்ணின் இறுதியில் சோதனை இலக்கம் ஒன்றைச் சேர்த்து, எண்ணே தன் குற்றத்தைத் தான் காட்டிக்கொடுக்கும்படி செய்தார். இன்று நாம் கடன் அட்டையின் எண்ணைத் தட்டும்போது ஓர் இலக்கம் மாறினால் உடனே மறுக்கப்படுவது அந்த யுக்தியினாலேதான். பின்னர் கணிப்பொறிகள் சம்பளப் பட்டியலும் சரக்கிருப்பும் போடத் தொடங்கியபோது, உண்மையான கணக்கீட்டுக்கு முன்பாக உள்ளீட்டை மட்டும் பரிசோதிக்கும் தனிப் புரோகிராம் ஒன்று ஓடுவது பெரிய காரியாலயங்களின் சம்பிரதாயமாயிற்று. அது முதற் பிழையைக் கண்டதும் நின்றுவிடாது. கட்டு முழுவதையும் பார்த்து, கண்ட பிழைகள் அத்தனையையும் ஒரு நீண்ட பட்டியலாக அச்சிட்டுக் கொடுக்கும். ஒரு முறை ஓட்டுவதற்கு மறுநாள் வரை காத்திருக்க வேண்டிய அந்நாளில், நாளைக்கு ஒரு பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தால் சம்பளம் எப்போது பட்டுவாடா ஆகும்?

இனி மற்ற வம்சத்துக்கு வருவோம். ஹாலரித்தின் மணி ஒலித்து அறுபத்தொரு ஆண்டுகளுக்குப் பின், அதே ஜனத்தொகைக் காரியாலயத்துக்கு, எக்கர்ட், மாக்லி ஆகிய இருவர் உருவாக்கிய யூனிவாக் 1 என்னும் கணிப்பொறி 1951இல் ஒப்படைக்கப்பட்டது. கூட்டிய தொகை அதற்குரிய ஸ்தானங்களில் அடங்காமல் வழிந்தால், அந்த யந்திரம் தான் செய்துகொண்டிருந்த காரியத்தை விட்டுவிட்டு, நினைவகத்தின் பூஜ்யமாவது முகவரிக்குத் தாவி, அங்கே எழுதிவைத்திருக்கும் இரண்டு கட்டளைகளை நிறைவேற்றும்; புரோகிராம் எழுதியவர் விரும்பினால் அப்படியே நின்றுவிடும்படியும் செய்யலாம். இன்றைய எக்ஸெப்ஷன் அனைத்துக்கும் ஆதி இதுதான். இங்கே மணி இல்லை, ஒதுக்கிவைக்கும் குமாஸ்தா இல்லை, பட்டியல் இல்லை. ஓடுகிற ஓட்டம் முறிந்து வேறு திசையில் திரும்புவது ஒன்றே உண்டு. ஒரே காரியாலயத்துக்காக இரண்டு வம்சங்களின் மூதாதையரும் பணிபுரிந்தார்கள் என்பது இச்சரித்திரத்தில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்த சேதி.

1960இல் வந்த கோபோல் மொழி காரியாலயத்துக்கென்றே பிறந்ததாதலால், இரண்டு வழக்கங்களையும் ஓரளவு அறிந்திருந்தது. எண்பத்தெட்டாம் நிலை எனப்படும் ஒரு வரியால், ஒரு புலத்தில் வரத்தக்க மதிப்புகள் எவையெவை என்பதை அப்புலத்தை அறிவிக்கும் இடத்திலேயே பெயரிட்டு எழுதிவைக்க முடிந்தது. அது காவல் காக்கவில்லை. கேட்டால் மட்டுமே பதில் சொன்னது. கேட்க மறந்தவர் எதை வேண்டுமானாலும் இட்டுவிடலாம். எனினும் விதியும் அது ஆளும் பண்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்னும் எண்ணம் அங்கே முளைவிட்டது. கணக்கின் விடை புலத்தில் அடங்காதபோது செய்ய வேண்டியதைக் கூறும் வாசகமும் அம்மொழியில் இருந்தது. அதை எழுதியிருந்தால், அடங்காத விடை இடப்படாமல் பழைய மதிப்பு பழையபடியே நிற்கும். மறுக்கப்பட்ட மதிப்பு தன் தடயத்தை விட்டுச் செல்லக் கூடாது என்னும் இந்த ஒழுங்கை, பின்வந்தோர் பலர் மறந்து, வெகுநாள் கழித்து மீண்டும் கற்க வேண்டியதாயிற்று.

ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் வடிவமைத்த பி.எல்.1 மொழியோ ஒரு படி மேலே சென்றது. எண் வர வேண்டிய இடத்தில் எழுத்துக் கலந்த சரம் ஒன்றை இட்டால், அம்மொழியில் மாற்றப் பிழை என்னும் நிலை எழும். அதற்கென்று எழுதப்பட்ட பகுதிக்கு ஓட்டம் திரும்பும். அந்தப் பகுதியில் நின்றுகொண்டு, குற்றமுள்ள சரம் எது, அதில் குற்றமுள்ள எழுத்து எது என்று இரண்டு சிறப்புப் பெயர்களின் வாயிலாகப் பார்க்கலாம். பார்ப்பது மட்டுமன்று, அந்த எழுத்தை அங்கேயே திருத்தி எழுதிவிட்டுத் திரும்பினால், யந்திரம் மாற்றத்தை மறுபடி முயன்று, வெற்றி கண்டால் ஒன்றும் நடவாததுபோல் மேலே செல்லும். சரிபார்க்கும் யந்திரத்தின் வெட்டையும் யூனிவாக்கின் தாவலையும் ஒன்றாக இணைத்துவிட்ட அழகு இதில் இருக்கிறது. ஆனால் திருத்துபவன் புரோகிராமே அல்லாமல் மனிதன் அல்லனாதலால், மூலத்தாளைப் பாராமலே ஊகத்தால் திருத்தும் அபாயமும் இதில் கூடவே இருந்தது.

ஆப்ஜெக்ட் என்னும் கருத்து, ஆஸ்லோ நகரில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நீகார்ட் ஆகியோர் 1967இல் சிமுலா மொழியை அமைத்தபோது பிறந்தது. ஆரம்பத்தில் சிமுலாவின் ஆப்ஜெக்டுக்குச் சுவர் இல்லை. வெளியிலிருப்பவர் யாரும் புள்ளி ஒன்றை வைத்து உள்ளே இருக்கும் எதையும் மாற்றிவிடலாம். 1972இல் டேவிட் பார்னஸ், ஒரு பகுதி தன் உள் ஏற்பாட்டைப் பிறருக்கு மறைத்துவைக்க வேண்டும் என்று வாதிட்டார்; அதே ஆண்டில் டோனி ஹோர், ஒரு பொருளின் உள்மதிப்புகளுக்கிடையே எக்காலத்தும் பொய்க்காத உறவு ஒன்று இருக்க வேண்டும், ஒவ்வொரு செயலும் அந்த உறவைக் காப்பாற்றியே முடிய வேண்டும் என்று கணித முறையில் நிறுவினார். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு, பிராப்பர்ட்டியை நேரே தொடவிடாமல் ஒரு செட்டரின் வழியே மட்டும் மாற்றவிடுவதன் நோக்கம் விளங்கும்: அந்த உறவைக் காக்க ஓர் இடம் வேண்டும், அந்த இடம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும்.

மறுப்பதற்கு இடம் கிடைத்த பின், மறுத்ததை எப்படிச் சொல்வது என்னும் விவாதம் எழுந்தது. பார்பரா லிஸ்கோவும் ஆலன் ஸ்னைடரும் 1979இல் விவரித்த சி.எல்.யூ. மொழியின் முறைப்படி, ஒவ்வொரு செயலும் தான் எந்தெந்த விதத்தில் தோற்கக்கூடும் என்பதைத் தன் தலைப்பிலேயே அறிவிக்க வேண்டும். தோற்றால் செயல் அதோடு முடியும். அழைத்தவரே மேற்கொண்டு ஆவதைப் பார்க்க வேண்டும். பி.எல்.1 காட்டிய வழியில், திருத்திக்கொண்டு விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்ற கட்சியும் வலுவாக இருந்தது. ஸெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தின் மெசா மொழி அதற்கு இடம் கொடுத்தது. ஆயினும் 1991இல் சி++ மொழியின் தரநிர்ணயக் குழு இதைப் பரிசீலித்தபோது, மெசாவில் நெடுநாள் உழைத்த ஜிம் மிச்சல், தொடரும் முறையில் எழுதப்பட்டவை காலப்போக்கில் முடியும் முறைக்கு மாற்றி எழுதப்பட்டதைத் தம் அனுபவத்திலிருந்து எடுத்துரைத்தார். அன்றோடு அந்த வழக்கு ஏறத்தாழத் தீர்ந்தது. இன்று நாம் புழங்கும் மொழிகளில் பெரும்பாலானவற்றில் எக்ஸெப்ஷன் வீசப்பட்டால் செட்டர் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதனிடையே பெர்ட்ரண்ட் மேயர் 1980களின் நடுவில் தம் ஐஃபல் மொழியின் மூலம் வேறொரு நியாயத்தை முன்வைத்தார். அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் உண்டு. தகுதியுள்ள மதிப்பைக் கொண்டுவருவது அழைப்பவரின் கடமை. அதைப் பெற்றுக்கொண்டு சொன்னபடி செய்வது ஆப்ஜெக்டின் கடமை. முன்நிபந்தனை மீறப்பட்டால் அது அழைத்த புரோகிராமின் குற்றமேயன்றி ஓட்டத்தின் நடுவே சகஜமாக நேரும் சம்பவம் அன்று. இரு புறமும் அஞ்சி அஞ்சி அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வதை அவர் கண்டித்தார். புரோகிராமும் புரோகிராமும் பேசிக்கொள்ளும் இடத்தில் இது மிக உயர்ந்த நியாயம். ஆனால் விசைப்பலகையின் முன் அமர்ந்திருக்கும் மனிதர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டவர் அல்லர். அவரிடம் முன்நிபந்தனையைக் காட்டிக் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது.

ஒப்பந்தம் எழுதப்படாமல் மனத்தளவில் மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதற்குச் சாட்சியாக, 1996 ஜூன் 4ஆம் தேதி தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து முதன்முறையாகப் புறப்பட்ட ஏரியன் 5 ராக்கெட்டின் முடிவு இருக்கிறது. திசையும் வேகமும் கணிக்கும் கருவிக்குள், கிடைத்திசை வேகத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு மதிப்பு, 64 பிட் பின்ன எண்ணாக இருந்ததை 16 பிட் முழு எண்ணாக மாற்றி இட வேண்டியிருந்தது. அந்தப் புரோகிராம் ஏரியன் 4 ராக்கெட்டுக்காக எழுதப்பட்டது. அதன் பாதையில் அந்த மதிப்பு அவ்வளவு பெரிதாக ஆக இயலாது. இவ்விதம் மாற்றப்படும் ஏழு மதிப்புகளில் நான்கிற்குப் பாதுகாப்பு எழுதி, யந்திரத்தின் சுமையை ஓர் எல்லைக்குள் வைப்பதற்காக மூன்றை விட்டிருந்தார்கள். புதிய ராக்கெட் இன்னும் விரைவாகப் பக்கவாட்டில் சாய்ந்து சென்றது, மதிப்பு அடங்கவில்லை, அடா மொழியின் எக்ஸெப்ஷன் முறைப்படி எழுந்தது.

அதன்பின் நடந்ததுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. எக்ஸெப்ஷன் எழுந்தால் கருவியில் பழுது நேர்ந்ததாகக் கொண்டு அதை நிறுத்திவிட வேண்டும் என்பதே அங்கே விதி. மாற்றுக் கருவி முதலில் நின்றது. ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் முதன்மைக் கருவியும் அதே காரணத்தால் நின்றது. நிற்கும் முன் அது அனுப்பிய பழுதுக் குறிப்பை, ராக்கெட்டை நடத்தும் கணிப்பொறி உண்மையான பறப்புத் தகவல் என்று எடுத்துக்கொண்டு, இல்லாத விலகலைத் திருத்துவதற்காகக் குழல்களை முழுவதும் திருப்பியது. காற்றின் வேகத்தைத் தாங்காமல் ராக்கெட் முறியத் தொடங்கவே, தன்னைத் தான் அழித்துக்கொள்ளும் ஏற்பாடு இயங்கிற்று. புறப்பட்டு நாற்பது நொடிகள்கூட முழுமையாக ஆகவில்லை. அந்தக் கணக்கீடே ராக்கெட் தரையை விட்டு எழுந்த பிறகு தேவையற்றது என்று ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு கண்டது. மதிப்பு தவறானது என்பது கண்டுபிடிக்கப்பட்டது, மறுப்பும் நிகழ்ந்தது, ஆனால் அந்த மறுப்பைப் புரிந்துகொண்டு ஆவன செய்யக்கூடியவர் ஒருவரிடம் அது போய்ச் சேரவில்லை. சேர்ந்த இடத்திலோ, அது மறுப்பு என்றே தெரியவில்லை.

இரண்டு வம்சங்களும் சந்தித்தது, திரையில் பொத்தான்களையும் கட்டங்களையும் இழுத்துவைத்துப் புரோகிராம் அமைக்கும் சாதனங்கள் வந்த காலத்தில். 1991இல் வெளிவந்த விஷுவல் பேசிக்கில், ஒரு பொத்தானைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்திலே அதன் பிராப்பர்ட்டிகள் ஓர் அட்டவணையாகத் தோன்றும். அதில் ஒவ்வாத மதிப்பைத் தட்டினால், பிராப்பர்ட்டியின் மதிப்பு செல்லாது என்று ஒரு சிறு பெட்டி எழும். புரோகிராம் ஓடும்போதும் அதே குற்றம் 380ஆம் எண் பிழையாக எழும். எது செல்லும் என்று அந்தப் பெட்டி சொல்லாது. 1995இல் போர்லாண்ட் நிறுவனத்தில் ஆண்டர்ஸ் ஹெஜ்ல்ஸ்பெர்க் முதன்மையாக நின்று உருவாக்கிய டெல்ஃபி, பிராப்பர்ட்டியை மொழியின் அங்கமாகவே ஆக்கியது: படிக்க ஒரு வழி, எழுத ஒரு வழி என்று அறிவித்துவிட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சாதாரணமாக ஒரு மதிப்பை இடுவதுபோல் தோன்றினும், உள்ளே செட்டர் ஓடும். அச்செட்டர் எக்ஸெப்ஷனையும் வீசலாம். பிற்பாடு அவரே மைக்ரோசாஃப்டில் சி-ஷார்ப் மொழியை வகுத்தபோது இதே ஏற்பாடு அங்கும் குடியேறியது. சமனிக் குறி ஒன்றை எழுதினாலே எக்ஸெப்ஷன் வெடிக்கக்கூடும் என்னும் நிலைமை இவ்விதமாகப் பரவிற்று.

நம் ஊர்களில் 1990களில் கணிப்பொறிப் பயிற்சி நிலையங்களில் ஃபாக்ஸ்புரோ என்னும் தரவுத்தள மொழியைக் கற்றவர்கள் அப்போதும் காரியாலய வம்சத்திலேயே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். திரையில் ஒரு கட்டத்தை வரைந்து, அதற்கு நேரே செல்லத்தக்க நிபந்தனையையும் பிழைவாசகத்தையும் எழுதிவிட்டால், நிபந்தனை நிறைவேறும் வரை கர்சர் அந்தக் கட்டத்தை விட்டு நகராது. சொல்ல வேண்டியவரிடம், சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லிவிடும் முறை அது.

சன் நிறுவனம் 1997இல் ஜாவா மொழிக்காக வகுத்த ஜாவாபீன்ஸ் என்னும் ஏற்பாட்டில் இருந்த ஒரு நுணுக்கத்தை இங்கே விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அது இன்று ஏறத்தாழ மறக்கப்பட்டுவிட்டது. அதில் சில பிராப்பர்ட்டிகளைக் கட்டுப்பட்டவை என்று அறிவிக்கலாம். அத்தகைய பிராப்பர்ட்டியை மாற்றுமுன், செட்டர் தானே தீர்ப்புச் சொல்லாமல், பதிவுசெய்துகொண்ட ஆப்ஜெக்டுகள் ஒவ்வொன்றிடமும் பழைய மதிப்பு இது, வரப்போகும் மதிப்பு இது என்று தெரிவிக்கும். அவற்றில் ஒன்று மறுத்து எக்ஸெப்ஷன் வீசினாலும் மாற்றம் நடைபெறாது. அத்துடன் முன்னமே கேட்டறிந்தவை புதிய மதிப்பை நம்பி ஏமாறாதபடி, பழைய மதிப்புக்கே திரும்பிவிட்டதென்று அனைத்துக்கும் மறுபடி ஒரு செய்தி போகும். பின்னரே மறுப்பு அழைத்தவரைச் சேரும். ஒரு மதிப்பு தகுதியானதா என்பது அந்த ஆப்ஜெக்டுக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இராமல், அதைச் சூழ்ந்திருப்பவற்றையும் பொறுத்தது என்னும் உண்மையை இவ்வளவு கவனத்தோடு நடத்திய ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. எழுதுவதற்கு உழைப்பு அதிகமாதலால் புழக்கத்தில் தேய்ந்துபோயிற்று.

செட்டரில் உடனே மறுப்பதிலும் ஓர் இடர் உண்டு. விடுப்பு விண்ணப்பம் ஒன்றுக்கு ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி என இரண்டு பிராப்பர்ட்டிகள் இருப்பதாகவும், ஆரம்பம் முடிவைத் தாண்டக் கூடாது என்று இரண்டு செட்டர்களும் காவல் காப்பதாகவும் வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் 10ஆம் தேதி முதல் 12ஆம் தேதி வரை என்றிருக்கிறது. அதை 20 முதல் 25 வரை என்று தள்ளிவைக்க வேண்டும். முதலில் ஆரம்பத்தை 20 ஆக்க முயன்றால், முடிவு இன்னும் 12இல் நிற்பதால் செட்டர் மறுத்துவிடும். முடிவை முதலில் மாற்றினால் வழி உண்டு. அடுத்த வாரமே அதை முன்னுக்குக் கொண்டுவர வேண்டுமானாலோ வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். மைக்ரோசாஃப்டைச் சேர்ந்த குவலினா, ஆப்ரம்ஸ் ஆகியோர் 2005இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், பிராப்பர்ட்டிகளை எந்த வரிசையிலும் இட அனுமதிக்க வேண்டும், அதனால் ஆப்ஜெக்ட் சற்று நேரம் பொருந்தா நிலையில் இருந்தாலும் குற்றமில்லை என்று கூறுகிறது. அதே நூல், செட்டர் எக்ஸெப்ஷன் வீசினால் பழைய மதிப்பு கெடாமல் நிற்க வேண்டும் என்றும் கூறுகிறது. பின்னது கோபோல் காலத்து ஒழுங்கு. முன்னது ஹோர் வகுத்த நியமத்துக்கு ஒரு விட்டுக்கொடுத்தல். என் வரையில், இரண்டு தேதிகளையும் ஒரே செயலில் சேர்த்துக் கொடுக்கும்படி அமைத்துவிட்டால் அந்த விட்டுக்கொடுத்தலுக்கே அவசியம் நேராது.

2004இல் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் இணையப் புரோகிராம் சாதனம், செட்டரில் காவலை அறவே எடுத்துவிட்டது. எந்த மதிப்பையும் இடலாம், சேமிக்கும் தருணத்தில் விதிகள் அனைத்தும் ஓடும், பிழைகள் பிராப்பர்ட்டியின் பெயரோடு ஒரு பட்டியலில் சேரும், சேமிப்பு நடவாது. ஜாவா உலகில் 2009இல் வந்த பீன் வேலிடேஷன் தரமும், விதிகளைப் பிராப்பர்ட்டியின் தலைமேல் குறிப்பாக எழுதச் செய்து, மீறல்களைத் தொகுத்தே கொடுத்தது. ஜாங்கோ என்னும் மற்றோர் இணையச் சாதனத்தின் படிவங்களிலோ, உள்ளே ஒவ்வொரு சோதனையும் எக்ஸெப்ஷனாகவே மறுப்பைச் சொல்ல, படிவம் அவற்றைப் பிடித்துப் பட்டியலாக்கி மனிதருக்குக் காட்டுகிறது. பழைய காரியாலயத்தின் பிழைப்பட்டியலே திரைக்கு வந்துவிட்டது என்று இதைச் சொல்லலாம். ஜாங்கோ செய்ததே எனக்கு மிகவும் உடன்பாடானது. புரோகிராம் புரோகிராமுக்குக் கொடுக்கும் மதிப்பில் குற்றமிருந்தால் முதற் குற்றத்திலேயே உரத்து நிற்க வேண்டும், ஏனெனில் அதைத் திருத்த வேண்டியவர் புரோகிராம் எழுதியவர். மனிதர் தட்டும் மதிப்பில் குற்றமிருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் என்று காட்டி, அவர் தட்டியதை அழித்துவிடாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏழு கட்டங்களை நிரப்பியவருக்கு ஏழு முறை ஒவ்வொரு பிழையாகச் சொல்வது, துளையட்டைக் காலத்துக் குமாஸ்தாகூட ஒப்பாத காரியம்.

இப்போது அந்தப் பட்டியல் ஒரு யந்திரத்திலிருந்து இன்னொரு யந்திரத்துக்கும் பயணம் செய்கிறது. இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு 2023இல் வெளியிட்ட 9457ஆம் எண் ஆவணம், மறுப்பை எழுதி அனுப்பும் முறையை விளக்குமிடத்தில், வயது நேர் முழு எண்ணாக இருக்க வேண்டும், நிறம் இன்ன மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு பிழைகளை ஒரே பதிலில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் அது எந்த உறுப்பில் நேர்ந்தது என்னும் சுட்டியையும் கொடுத்து உதாரணம் காட்டுகிறது. அட்டையின் மேல் விளிம்பில் விழுந்த வெட்டு இங்கே எழுத்தாகியிருக்கிறது.

இவ்வளவும் மறுக்கும் முறையைப் பற்றியது. விதியே தவறாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதை இச்சரித்திரத்தில் வருபவர்கள் மிகக் குறைவாகவே சிந்தித்திருக்கிறார்கள். அதன் பலனைத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்துத் தம் பெயரை எழுதுவது நம்மவரிடையே பரவலான வழக்கம்; குடும்பப் பெயர் என்று தனியே ஒன்று நம்மில் பலருக்கு இல்லை. ஆனால் வெளிநாட்டில் எழுதப்பட்ட படிவங்களில் பெயர் இரண்டு பிராப்பர்ட்டிகளாகப் பிரிந்து, இரண்டும் கட்டாயம் என்று நிற்கும். பின்பகுதியில் ஒற்றை எழுத்தை இட்டால் இரண்டு எழுத்துக்குக் குறையக் கூடாது என்று மறுக்கும். எழுத்தின் பின் புள்ளி வைத்தால் செல்லாத குறி என்று மறுக்கும். இந்த மறுப்பில் எக்ஸெப்ஷன் ஒழுங்காக வீசப்பட்டிருக்கும், பட்டியல் அழகாக வந்திருக்கும், செய்தி மரியாதையாகவும் இருக்கும். அப்படியிருந்தும் தவறு மதிப்பில் இல்லை, விதியில் இருக்கிறது. மறுக்கப்பட்டவர் தந்தையின் பெயரை முழுதாக எழுதித் தம் பெயராக்கிக்கொள்கிறார், அல்லது ஒரே பெயரை இரண்டு கட்டங்களிலும் இடுகிறார். அன்றிலிருந்து அந்தப் பொய்யான மதிப்பு, எல்லாச் சோதனைகளிலும் தேறிய மதிப்பாக ஊழியர் பட்டியலிலும் வங்கிக் கணக்கிலும் வாழத் தொடங்குகிறது. ஒற்றைப் பெயருடையவருக்கு அமெரிக்க விசாவில் பெயர்ப் பகுதியில், முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமான எஃப்.என்.யூ. என்னும் மூன்றெழுத்து அச்சாகிவிடுகிறது; அதையே அவருடைய பெயரென்று கொண்டு அங்கே கடிதம் எழுதுகிறவர்களும் உண்டு.

உலகத்துப் பாஸ்போர்ட்டுகளுக்கெல்லாம் பொதுவான விதிகளை வகுக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303ஆம் எண் ஆவணம், ஒருவர் பெயரை இரண்டாகப் பிரிக்க இயலாவிட்டால் முழுப் பெயரையும் முதன்மைப் பகுதியிலேயே எழுதி மற்றதை வெறுமையாக விட்டுவிடலாம் என்று தெளிவாக இடம் தருகிறது. அப்படி வழங்கப்பட்ட பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளது உள்ளபடி பயணச்சீட்டுப் படிவத்தில் தம் பெயரைத் தட்டுகிறவருக்கு, இந்தப் பகுதி வெறுமையாக இருக்கக் கூடாது என்னும் சிவப்பு வரி இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது.